இத்தா முடிந்த பின் கேட்கவும்

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. காலை நான்கு நாற்பதுக்கு எழுந்தேன். மழை, மூன்றாவது நாள். உடப்பிலிருந்து ஐந்து ஐம்பது பஸ். முந்தலுக்கு அருகில் வீதியில் தண்ணீர் நின்றதால் பஸ் ஊர்ந்து போனது. ஏழு நாற்பதுக்குப் புத்தளத்தில் அலுவலகக் கதவைத் திறந்தேன். வெள்ளம் உள்ளே வந்துவிடலாம் என்று கீழ்த்தட்டுக் கோப்புகளை மேல்தட்டுக்கு ஏற்றினேன். மேசையைத் துடைத்து, இரண்டு பென்சில் சீவினேன். வருமான வரி விபரத்திரட்டுகளை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது; முடிக்க வேண்டியவை பதினொன்று. இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடி.

அந்த மேசையில் இப்போது உங்களில் ஒருவர் இருக்கிறார். நான் விலகிய அன்று நீங்கள் கேக் வெட்டி, சட்டப் புத்தகத்தில் இல்லாத விடயம் எதையாவது எங்களுக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சந்தோஷமாகச் சொல்லக்கூடிய கதைகளும் என்னிடம் உண்டு. இது அவற்றில் சேராது. ஆனால் உங்களுக்கு உதவக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கிய சாமானுக்கு வரிச்சலுகை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியது ஊரடங்குக் காலத்துக்குப் பிறகுதான். மாதச் சம்பளம் வாங்குபவர் வீட்டுக்கு வாங்கிய மேசை கதிரைக்கு நம் நாட்டில் எதுவும் கேட்க முடியாது. தன் சொந்தக் கணக்கில், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் கேட்கலாம். சாமான் அவருடையதாக இருக்க வேண்டும். அதை வைத்து அவர் உழைத்திருக்க வேண்டும். வருடா வருடம் ஒரு பங்காகக் கழித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். ஒரு டியூஷன் மாஸ்டர் சோறு சமைக்கும் மின்சட்டியையும் எழுதிக்கொண்டு வந்தார். "இது எதுக்கு மாஸ்டர்?" என்றேன். "வீட்டில இருந்து வேல செஞ்சா வீட்டிலதானே தின்னோணும்," என்றார். சிரித்துக்கொண்டே அதை வெட்டினேன். அப்படிப்பட்ட பிழைகள் தாமாகவே கண்ணில் படும். நான் சொல்லப் போவது கண்ணில் படாத பிழையைப் பற்றி.

அன்று ஒன்பது இருபதுக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். அபாயாவின் கீழ்ப்பக்கம் முழங்கால்வரை நனைந்திருந்தது. கையிலிருந்த கோப்பு மட்டும் இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் நனையாமல் இருந்தது.

"நான் ரிஸ்வானா, சேர். கல்பிட்டி வலைக்கடை முதலாளிட தங்கச்சி."

அவருடைய நானாவை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். மீன்பிடி வலையும் நைலோன் கயிறும் விற்பவர். கடைக் கணக்கை மாதா மாதம் நாங்கள்தான் எழுதினோம். தங்கையை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"உக்காருங்க தங்கச்சி."

"நான் வீட்டுப் பிளான் கீறுறனான். கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு, கொன்ராக்ட்ல. ஆலங்குடாவில வீட்டில இருந்துதான். போன வருஷ வருமானம் வரி கட்டுற அளவுக்கு வந்திட்டு. கட்ட மாட்டன் எண்டு சொல்ல வரல்ல, கட்டுறன். ஆனா வேலைக்கு வாங்கின சாமானுக்குக் கழிவு இருக்கெண்டு சொன்னாங்க."

ஒரு தாளை எடுத்து வைத்தார். கணினி, திரை, இன்வேட்டர், பற்றரி, வரைமேசை, கதிரை. ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் சென்ரிமீற்றரில். அதன் கீழ் அந்த அறையின் வரைபடம், அளவுத்திட்டத்தோடு: ஜன்னல் எந்தப் பக்கம், மேசை எங்கே, பற்றரி எந்த மூலையில் என்று. முப்பது வருடத்தில் அப்படி ஒரு பட்டியலை எவரும் எனக்குத் தந்ததில்லை. படித்துக்கொண்டு போகும்போதே அது எனக்குத் தெரிந்த பட்டியல் என்று புரிந்தது.

"பில் இருக்கா?"

"பில் நானாட்ட. அவர்தான் கடைக்குப் போய் வாங்கினது. சல்லி என்ட. சீட்டுப் போட்டிருந்தன், செப்டம்பர்ல என்ட முறை. சீட்டுக் கொப்பியில கையொப்பமும் இருக்கு. நான் அப்ப இத்தாவில இருந்தன் சேர், கடைகண்ணிக்குப் போகேலாது."

நான் எழுந்து அவருடைய நானாவின் கோப்பை எடுத்தேன். எடுக்காமலே தெரியும்.

2023 செப்டம்பர் மூன்றாம் திகதி ரிஸ்வானாவின் கணவர் காலமானார். நானும் அலுவலகத்திலிருந்து இன்னொருவரும் மரண வீட்டுக்குப் போய், ஆண்கள் பக்கம் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தோம். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார், அதுதான் இத்தா. ஒக்டோபர் ஐந்தாம் திகதி முதலாளி வழக்கம்போல முந்தின மாத பில்களை ஒரு சொப்பிங் பையில் கொண்டுவந்து கொட்டினார். வலை, கயிறு, மிதவை. அவற்றுக்கு நடுவே ஒரு கணினி, ஒரு பற்றரி, ஒரு மேசை.

"இது கடைக்கா, முதலாளி?"

"வீட்டுக்கு ஐயா. தங்கச்சி இத்தாவில இருக்குது. வெளிய போகவும் ஏலாது, வேலய விடவும் மாட்டேங்குது."

"சல்லி யாருடையது?"

"சல்லி எங்க போகுது, ஒரே குடும்பம்தானே. பில் என்ட பேர்ல இருக்கு. போடுங்க."

என் கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மேசையில் தொலைபேசி இருந்தது. கணவன் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, இத்தாவில் இருக்கிற பெண், நான் உடப்பிலிருந்து வருகிற வேறு சமயத்து ஆம்பிளை, அழைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். எவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே முடிவெடுத்தேன். அன்றைய குறிப்பில் எழுதினேன்: "கணினி முதலியன. பில் முதலாளி பெயரில். யாருடையது என்பது தெளிவில்லை. இத்தா முடிந்த பின் கேட்கவும்." நாட்களைப் பிறைக் கணக்கில் எண்ணிப் பார்த்து, ஜனவரி ஒன்பது என்று பக்கத்திலேயே எழுதி, சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று சாமானை முதலாளியின் கணக்கில் சேர்த்தேன்.

எழுதியது 2023 நாட்குறிப்பில். ஜனவரியில் புது நாட்குறிப்பு வந்தது. பழையது அலுமாரிக்குள் போனது.

அவ்வளவுதான் நடந்தது. நான் ஒழுங்கான ஆள் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். எழுதி வைத்ததால்தான் எனக்கு மறந்தது. எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் மனதுக்குள் எங்காவது உறுத்திக்கொண்டு இருந்திருக்கும். 2024 நவம்பர் முதல் வாரத்தில் முதலாளியின் விபரத்திரட்டை முடித்தபோது, கணக்கில் இருந்த பட்டியலை அப்படியே இறக்கினேன். அவர் கையொப்பம் வைத்தார். ஒப்படைத்தோம்.

"இது உங்கட நானாட விபரத்திரட்டில போயிட்டு," என்று ரிஸ்வானாவிடம் சொன்னேன்.

"யார் போட்டது?"

"நான்."

அவர் தன் வரைபடத்தை மேசையில் நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"என்னட்டக் கேக்கலாமே சேர்?"

"நீங்க இத்தாவில இருந்தீங்க. போன் எடுக்கிறது சரியில்ல எண்டு நினைச்சன்."

"கொழும்பில இருந்து ஒரு நாளைக்கு நாலு ஆம்பிள எடுப்பாங்க. ஜன்னல் எங்க வைக்கிற, கதவு எங்க வைக்கிற எண்டு. தேவையான கதைக்கு ஒரு தடையும் இல்ல. மௌலவிட்டக் கேட்டுத்தான் கதைச்சன்." வரைபடத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு இவ்வளவு மரியாத தந்தது நீங்க மட்டும்தான் சேர்."

அவருடைய நானாவின் கோப்பை மூடி ஒரு பக்கம் வைத்தேன். 

பிறகுதான் விடயம் வரியைவிடப் பெரியது என்று தெரிந்தது. நானா அவரைக் கல்பிட்டிக்கு வந்து தன் வீட்டோடு இருக்கச் சொல்கிறார். வேலை வேண்டாம் என்கிறார். போன கிழமை வந்து, கணினி தன் கடைக்குத் தேவை என்று சொல்லியிருக்கிறார். என் காசில் வாங்கியது என்று இவர் சொல்ல, "பில்லும் என்ட பேர், வரிக் கணக்கிலயும் என்ட சாமான், வேணுமெண்டா ஐயாட்டக் கேளு" என்றாராம். கேட்கத்தான் வந்திருந்தார்.

"வியாழக்கிழமை ஒரு பிளான் அனுப்போணும். ரெண்டு மாடி வீடு. அத ஒழுங்காக் குடுத்தா வருஷம் முழுக்க வேல தாறம் எண்டிருக்கிறாங்க. நானாட கணக்க மாத்தேலுமா சேர்?"

"மாத்தலாம். திருத்தி ஒப்படைக்கலாம். அவர் கையொப்பம் வைக்கோணும்."

"அப்ப நான் யோசிச்சுச் சொல்றன். நானாட்ட எப்பிடிக் கதைக்கிற எண்டு எனக்குத்தான் தெரியும்." தன் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கோப்பின் மேல் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாமானை ரிஸ்வானாவின் விபரத்திரட்டில் சேர்க்காமல் பேசாமல் விட்டுவிடலாம். அவர் கொஞ்சம் கூடுதலாக வரி கட்டுவார், முதலாளிக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேருக்கும் போட்டுவிடலாம். இரண்டு கோப்பையும் எவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போவதில்லை. அல்லது திருத்தலாம். முதல் இரண்டையும் நான் ஒதுக்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. திருத்துவது சரி. எப்படித் திருத்தினேன் என்பதில்தான் பிழை.

நான்கு நாளில் பதினொரு கோப்பு என்று மனது அடித்துக்கொண்டது. என் பிழையை அன்று பின்னேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ரிஸ்வானா யோசித்துச் சொல்வதாகச் சொன்னது காதில் விழுந்தது; ஆனால் அது எனக்குச் சொல்லப்பட்ட ஒன்றாகப் படவில்லை. பன்னிரண்டே காலுக்குக் கல்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

முதலாளி என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். பிளேன்ரீ வந்தது.

"இந்த மழையில ஐயா வாறதெண்டா சின்ன விஷயமா இருக்காது."

சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் சிரிப்பு நின்றது.

"அது உங்கட்ட வந்து முறைப்பாடு சொல்லிச்சா?"

"முறைப்பாடு இல்ல, முதலாளி. பிழை என்னுடையது. திருத்த உங்கட கையொப்பம் வேணும்."

"ஒரு வருஷமாச் சரியா இருந்த கணக்கு, அது வந்து போன உடனே பிழையாகிட்டு. நல்லாத்தான் கணக்குப் பாக்கிறீங்க."

"அந்தச் சல்லி தங்கச்சிடதானே?"

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே மழையில் ஒரு கட்டு வலை நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். பிறகு குரல் தணிந்தது.

"தொண்ணூறில மன்னாரில இருந்து எங்கள எல்லாம் வெளியேத்தக்குள்ள எனக்குப் பன்ரெண்டு வயசு, ஐயா. இது இங்க வந்து, கிடுகுக் கொட்டிலுக்குள்ள பிறந்தது. வாப்பா போன பிறகு நான்தான் எல்லாம். படிக்க வைச்சது நான். கலியாணம் முடிச்சுக் குடுத்தது நான். இப்ப அது தனிய ஒரு வீட்டில இருந்து, கண்டவங்களோட எல்லாம் போன்ல கதைச்சு உழைக்குதாம். எனக்கு இது தேவையா? சொல்லுங்க பாப்பம்."

"அதப் பத்தி நான் ஒண்டும் சொல்லேலாது. கணக்குத்தான் கதைக்க வந்தன்."

"ஒண்டும் சொல்லேலாதெண்டா ஏன் ஐயா வந்தீங்க?"

கையொப்பம் வைக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். நான் குடையை எடுத்தபோது மழையைப் பார்த்தபடி, "ஆலங்குடாப் பக்கம் தாழ்ந்த இடம்தான்," என்றார். கடையை விட்டு இறங்கும்போது யாரையோ தொலைபேசியில் அழைத்து லொறி இருக்கிறதா என்று விசாரிப்பது கேட்டது. வலை ஏற்றத்தான் என்று நினைத்தேன்.

மாலை ஆறு பத்துக்கு, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ரிஸ்வானா அலுவலகத் தொலைபேசிக்கு எடுத்தார்.

"சேர், நீங்க நானாட்டப் போனீங்களா?"

"ஓம்."

"லொறி வந்திச்சு. வெள்ளம் வரப் போகுது, சாமான் நனைஞ்சிரும், கடை மேல்மாடியில வைக்கிறன் எண்டு சொல்லி எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டார். நான் என்னத்தச் சொல்ற? மழையும் பெய்யுதே."

"தண்ணி வந்திட்டா?"

"முற்றத்துக்குக்கூட வரல்ல."

  மழைச் சத்தம் அங்கேயும் கேட்டது, இங்கேயும் கேட்டது. "நான் நாளைக்கு நானாட்ட வேற மாதிரிக் கதைக்க இருந்தன் சேர்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை பிளான் போகவில்லை. கொழும்புக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். பெப்ரவரியில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூன்று பேர் போய்ப் பேசியதில் முதலாளி சாமானைத் திருப்பி அனுப்பினார். திருத்திய விபரத்திரட்டிலும் கையொப்பம் வைத்தார். கணக்கை அந்த மாதமே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்த பற்றரியில் உயிர் இல்லை; உப்புக் காற்றில் சும்மா கிடந்தால் அப்படித்தான் ஆகும். ரிஸ்வானா இப்போது புத்தளத்தில் ஒரு வரைபட நிலையத்தில் வேலை செய்கிறார். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, மாதச் சம்பளம். அந்த மேசைக்கும் கதிரைக்கும் இனி அவரும் எதுவும் கேட்க முடியாது. நானாவோடு பேசுகிறார் என்று கேள்வி. பெருநாளுக்குப் போய் வருகிறாராம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஒரே கோப்பில் ஒரே பிழையை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை, மரியாதை என்று பெயர் வைத்து அவரிடம் கேட்காமல் விட்டேன். இரண்டாவது தடவை, உதவி என்று பெயர் வைத்து அவரிடம் கேட்காமல் போனேன். இரண்டு தடவையும் அவருக்குப் பதிலாக இன்னோர் ஆளிடம் பேசினேன். நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் பெண்களுக்காக வாப்பா வருவார், நானா வருவார், மாப்பிள்ளை வருவார், எங்கள் உடப்பில் அண்ணன் வருவார். பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். முதலாளியையும் நான் அப்படித்தான் இன்றைக்கும் சொல்வேன். நீங்கள் எழுதுகிற வரி யார் கையில் என்னவாகப் போய்ச் சேரும் என்பது எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. ஆகவே, விபரத்திரட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய குரலை ஒரு தடவையாவது காதால் கேளுங்கள். நீங்கள் எழுதுவதால் ஒருவருடைய பொருள் வேறொருவர் பெயருக்குப் போகும் என்றால், எழுதுவதற்கு முன் பொருளுக்கு உரியவரிடமே கேளுங்கள்.

நவம்பர் 27, புதன்கிழமை. அலுவலகத்துக்குள் போனதும், மழைக்கோட்டைக் கழற்றாமலே முதலாளியின் 2023 ஒக்டோபர் கட்டை அவிழ்த்துக் கணினி வாங்கிய பில்லை வெளியே எடுத்தேன். ரிஸ்வானாவின் கோப்பில் வைக்க அதன் பிரதி ஒன்று வேண்டியிருந்தது. பெயர் இருந்த இடத்தில் முதலாளியின் பெயர். அதன் கீழ், சாமானை வீட்டில் இறக்கும்போது அழைப்பதற்கு என்று கடைக்காரர் ஒரு தொலைபேசி எண்ணை எழுதியிருந்தார். அது முதலாளியின் எண் அல்ல. முதல் நாள் ரிஸ்வானா எழுதி வைத்துவிட்டுப் போன துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பத்து இலக்கமும் ஒன்றுதான். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த எண் என் அலுமாரியில் இருந்திருக்கிறது.

அந்த எண்ணுக்கு எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே அவர் பேசினார்.

"ஒண்டு கேக்கோணும் தங்கச்சி."

"கேளுங்க சேர்."

"இந்தக் கொம்பியூட்டர், பற்றரி, மேச, கதிரை. இதெல்லாம் யாருடையது?"

 அவருடைய அறை எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பது அவருடைய குரல் எதிரொலித்ததில் தெரிந்தது.

"என்ட சேர்," என்றார்.

அவருடைய கோப்பில் அப்படியே எழுதினேன்.